பிரேக் இல்லாத படகு

என் அண்ணி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். பயிற்சி வண்டியில் அவர் பக்கம் தனியாக ஒரு பிரேக் உண்டு. வருடக்கணக்கில் அதை மிதித்து மிதித்து, வீட்டு சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது டிவியில் யாராவது வேகமாக வண்டி ஓட்டினாலும் அவருடைய கால் தரையை அழுத்தும். அப்படிப்பட்டவரைத்தான் என் அண்ணன் பிரேக்கே இல்லாத படகில் மாட்டிவிட்டான்.

பொம்மைப் படகுதான். ஆனால் பொம்மை என்று சொன்னால் எங்கள் குழுவில் சண்டை வரும். பூங்காக் குளத்தில் ரிமோட்டால் ஓட்டும் இழுவைப் படகுகள் இவை. விடுமுறை நாளில் புருஷன் எங்கே தொலைகிறான் என்று பார்க்க வந்த அண்ணி, அன்றைக்கே ஒரு ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டார். ஆண்டுக்கு ஒரு போட்டி நடக்கும். ஒரு பெரிய மாதிரிக் கப்பலை முன்னால் ஒரு படகு கயிறு கட்டி இழுக்க, பின்னால் இன்னொன்று முட்டித் தள்ள, வளைவுகளைத் தாண்டிக் கொண்டுபோய்க் கரையிலுள்ள மேடையோரம் கட்ட வேண்டும். முன்படகு என்னுடையது, பின்படகு அண்ணியுடையது.

இந்த முறை கப்பலின் எடையைக் கூட்டிவிட்டார்கள். அண்ணியின் படகு தள்ளத் திணறியது. பல்செட் செய்வது என் அண்ணனின் தொழில். அவன் புரொப்பல்லரைச் சுற்றி ஒரு வளையம் செய்து மாட்டினான். நாசில் என்பார்கள். அது இருந்தால் தண்ணீர் சிதறாமல் பின்னால் பாயும், தள்ளும் பலம் கூடும். பல்செட்டுக்கான பொருளிலேயே செய்ததால் வளையம் ஈறு நிறத்தில் இருந்தது. நான் சிரித்த சிரிப்பில் அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பலம் கூடியது உண்மை. ஆனால் பழைய சுக்கானை எடுத்துவிட்டு, வளையமே இடம் வலமாகத் திரும்பும்படி வைத்திருந்தான். மோட்டார் நன்றாக ஓடினால்தான் அது படகைத் திருப்பும். வேகத்தைக் குறைத்தால் வளையம் பேருக்குத் திரும்பும், படகு தன் போக்கில் நேரே போகும். அண்ணியோ வளைவைக் கண்டாலே வேகத்தைக் குறைப்பார். படகு போய்ச் சிமெண்ட் சுவரில் மோதும், வளையம் உடையும். அண்ணனுக்கு வளையம் செய்து மாளவில்லை.

எங்கள் குழுத் தலைவர் ஓய்வுபெற்ற தபால்காரர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். "அந்த வளையத்தைக் கழட்டுங்க. இல்லேன்னா பின்படகை வேற யாருக்காவது குடுத்துடுவேன்" என்றார்.

"வளையத்து மேல தப்பில்லை, என் கை மேலதான். கையை நான் பார்த்துக்கறேன். போட்டி வரைக்கும் டைம் குடுங்க" என்றார் அண்ணி.

எனக்கு எரிச்சலாக வந்தது. "எதுக்கு அண்ணி இந்த வீம்பு? பழைய சுக்கானையே மாட்டிக்கலாமே?"

"மாட்டினா கப்பல் நகராது. நீ என்ன, இடுப்புல தூக்கிட்டு வருவியா?"

மறுநாள் ரிமோட்டில் வேகக் குச்சி பாதிக்குக் கீழே இறங்காதபடி ஒரு ரப்பர் துண்டை ஒட்டினார். இனி நினைத்தாலும் குறைக்க முடியாது. தினமும் வேலைக்குப் போகும் முன் குளத்துக்குப் போனார். படகு முட்டும், எடுத்து மறுபடி விடுவார். நடக்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அண்ணி யாரையும் சட்டை செய்யவில்லை. கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது, கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது. போட்டிக்கு முன்தினம் ரப்பரைப் பிய்த்துப் போட்டார்.

போட்டியில் மேடையை நெருங்கும்போது என் புரொப்பல்லரில் பாசி சுற்றி மோட்டார் நின்றுவிட்டது. காற்று கப்பலை மேடையிலிருந்து எதிர்ச் சுவர்ப் பக்கமாகத் தள்ளியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணி தன் படகைப் பின்னாலிருந்து விலக்கி, கப்பலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் நுழைத்தார். அந்த இடுக்கில் திரும்பிக் கப்பலின் விலாவில் முட்ட வேண்டும்.

"குறை! குறை!" என்று அண்ணன் கத்தினான். தலைவர் கத்தினார். நானும் கத்தினேன்.

அண்ணி குச்சியை முழுக்க மேலே தள்ளினார்.

படகு இருந்த இடத்திலேயே திரும்பிக் கப்பலில் மூக்கை வைத்தது. கப்பல் தயங்கி, நகர்ந்து, மேடையைத் தொட்டது. குளத்தைச் சுற்றி ஒரே கைதட்டல். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அண்ணியைக் கட்டிக்கொண்டேன். மேடையில் கயிறு கட்ட வேண்டிய என் அண்ணனும் வாயெல்லாம் பல்லாகக் கைதட்டிக்கொண்டிருந்தான்.

அண்ணி மட்டும் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காற்று இன்னும் அடித்தது, அவர் படகு இன்னும் கப்பலை மேடையோடு அழுத்திப் பிடித்திருந்தது.

"என்ன பார்த்துட்டு நிக்கறீங்க?" என்று அண்ணனை அதட்டினார். "முதல்ல கயித்தைக் கட்டுங்க. கை அப்புறம் தட்டலாம்."