சோற்றைத் திறந்து காட்டிய கை

டக். தூக்குச் சட்டியின் கொக்கி விடுபடுகிற சத்தம். அதைக் கேட்டால் இந்த வயதிலும் எனக்குக் கோபம் பற்றிக்கொள்கிறது.

அப்பா ஜொகூர் பக்கம் தம்போயில் ஒரு பலகை ஆலையில் வேலை செய்தார். காலையில் ஆலைக் கேட்டில் சைக்கிளை நிறுத்துவார், தூக்கைத் திறப்பார், காவலாளியின் முகத்துக்கு நேரே நீட்டுவார். யாரும் கேட்டதில்லை. காவலாளி சிரித்துக்கொண்டே போ போ என்று கையை ஆட்டுவார். தம்பியும் நானும் வீட்டில் கிண்டலடிப்போம்: "அப்பா, சாம்பார்ல பாம் இருக்கா?"

அப்பா சிறுவனாக இருந்தபோது ரப்பர் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட காலம். பால்மரம் சீவப் போகிறவர்கள் கேட்டில் நின்று சாப்பாட்டைத் திறந்து காட்ட வேண்டும். ஒரு பருக்கை காட்டுக்காரனுக்குப் போய்விடக் கூடாதாம். ஒரு நாள் ஒரு சிப்பாய் தாத்தாவின் சோற்றைத் துப்பாக்கி முனையால் கிளறினான், பிறகு மண்ணில் கவிழ்த்தான். அப்பா பக்கத்தில் நின்றிருந்தார். சிப்பாய் கப்பல் ஏறிவிட்டான், கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள், நாடு விடுதலையாகிவிட்டது. கேட்டைக் கண்டால் திறக்கிற கை மட்டும் அப்படியே இருந்தது. அந்தக் கையோடுதான் அப்பா செத்தார்.

தூக்கு இப்போது பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டில் இருக்கிறது. அதில் முறுக்கு போட்டு வைப்பேன். லோரி மெக்கானிக்கான என் தம்பி போன மாதம் வந்து உட்கார்ந்தான், டக்கென்று திறந்தான், முறுக்கைக் கடித்தபடி சொன்னான், எங்கோ ஒரு மலைநாட்டில் நடக்கிற போருக்குப் போகிறானாம்.

முதலில் அந்த நாட்டுப் படைக்குப் பயிற்சி கொடுக்க நாலு பேர் போகிறார்கள் என்றது ஒரு வல்லரசு. பிறகு அந்த நாலு பேரைக் காக்கக் கொஞ்சம் பேர். பிறகு ஹெலிகாப்டர், ஹெலிகாப்டரைக் காக்க இன்னும் ஒரு கூட்டம். போர் என்ற சொல்லை மட்டும் அவர்கள் வாயில் எடுக்கவில்லை. மலைக்குள் ஒளிந்து அடிக்கிற கெரில்லாக்களைத் தேடிப் போன கவச வண்டிகள் பாதி வழியில் பழுதாகிக் கிடக்க, திருத்த ஆள் தேடி ஒரு குத்தகைக்காரன் ஜொகூருக்கே வந்துவிட்டான். எங்கோ எவனோ வரைபடத்தில் பென்சிலால் கோடு போடுகிறான். தம்போயில் ஒருத்தன் ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைக்கிறான்.

"நா என்ன சண்டையா போட போறேன்? எஞ்சின் பாக்க போறேன் லா."

"எஞ்சின் ஓடுனா வண்டி எங்கடா போவும்? பாசாருக்குக் காய் வாங்கவா?"

"அக்கா, எத்தன நாளைக்குத்தான் தெனம் சிங்கப்பூர் வேலைக்கு போயி ஜேம்ல கெடந்து சாவறது? ரெண்டு வருஷம். வந்து சொந்தமா வொர்க்‌ஷாப் போட்டுருவேன்." கைப்பேசியை நீட்டினான். "என் கூட்டாளி அங்கதான் இருக்கான். கேம்ப பாரு, எவ்ளோ கிளீனு."

கூட்டாளி எடுத்த காணொளி. புது டயர்கள் மலைபோல் குவிந்திருந்தன. அவற்றின் பின்னால் ஒரு கேட். ஊர்க்காரர்கள் வரிசையாக நின்றார்கள், கையில் பாத்திரங்கள், மூடி திறந்தபடி. தலைக்கவசம் போட்ட ஒருவன் குச்சியால் கிளறிக்கொண்டே வந்தான்.

"திரும்பப் போடு," என்றேன். போட்டான். அவனும் பார்த்துவிட்டான், முறுக்கு வாயிலேயே நின்றது.

"அது நம்ம அப்பா டா."

"அப்பா இல்ல கா. யாரோ."

யாரோ. அந்தச் சொல்லை வைத்துத்தான் எல்லாப் போரையும் நடத்துகிறார்கள். நான் கத்தினேன். இரண்டு வாரம் அவனோடு பேசவில்லை. அவன் மனம் மாறவில்லை.

இன்று அவனைச் செனாய் விமான நிலையத்துக்கு நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் திட்டினேன், அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். வாசலில் ஒரு காவலாளி சும்மா நின்றிருந்தார். தம்பி பையைக் கீழே வைத்தான், ஜிப்பை இழுத்தான், நான் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை எடுத்து அவர் முன்னால் பிரித்தான். அவர் சிரித்துவிட்டுக் கையை ஆட்டினார்.

தம்பி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

"அங்க கேட்ல எவனாச்சும் சோத்தத் தெறந்து காட்டுனா, மூஞ்சத் திருப்பிக்காத," என்றேன்.

பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தான்.

"நா கேட் பக்கமே போவ மாட்டேன் கா. வண்டிய மட்டுந்தான் பாப்பேன்."