மேல்படியில் இரண்டாவது இடம்

பத்தொன்பது வயதில் கணவனை இழந்த பத்மாஸினிக்கு அதன்பிறகு வீட்டு நவராத்திரியில் இடமில்லாமல் போயிற்று. மன்னிமார் படி கட்டுவார்கள். அவள் பின்கட்டில் சுண்டலுக்குத் தேங்காய் துருவுவாள். பொம்மையைத் தொடாதே என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பெட்டியை அவள் எதிரில் திறக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

அடம்பிடித்துப் படித்தாள். பி.ஏ. தேறி, மைசூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் கற்பிக்கச் சேர்ந்தாள். தற்காலிக இடம். நான்கு வருஷமாக ஒவ்வொரு ஜூனிலும் நீட்டிப்பு உத்தரவு வந்தது. அது வராத வருஷம் மறுபடி பின்கட்டுதான் என்பது அவளுக்குத் தெரியும். நிரந்தரமாக்கச் சொல்லி எழுதவேண்டியவர் தலைமையாசிரியை கமலம்மாள்.

அவள் ஆசையோடு நடத்திய பாடம் சர்வதேச சங்கம். இனி ஒரு தேசத்தை இன்னொன்று அடித்தால் மற்றவர்கள் கூடித் தடுப்பது என்று பெரிய யுத்தத்துக்குப் பிறகு கையெழுத்திட்ட சங்கம். மஞ்சூரியாவை ஜப்பான் விழுங்கியபோது அந்தச் சங்கம் அறிக்கை எழுதியதோடு நின்றதை மட்டும் வகுப்பில் வேகமாகக் கடந்துவிடுவாள்.

1935 தசராவுக்குச் சங்கத்தையே கொலுவாக வைக்கலாமா என்று கேட்டாள். "பாடந்தானே? வையி" என்றார் கமலம்மாள்.

மண்பொம்மைகளுக்குப் பெண்கள் அந்தந்த தேசத்து உடை தைத்தார்கள். ஏழு படி. பெரிய தேசம், சின்ன தேசம் என்ற பேதம் வேண்டாமென்று கன்னட அகரவரிசையில் உட்காரவைத்தாள் பத்மாஸினி. ஆப்கானிஸ்தானத்துக்கு அடுத்து, மேல்படியில் இரண்டாவதாக, எத்தியோப்பியா என்றும் சொல்கிற ஆப்பிரிக்க தேசம் அபிஸீனியா. அதே படியின் கோடியில் இங்கிலாந்து, இத்தாலி. ஹிந்துஸ்தானம் கடைசிப் படிக்கு இறங்கிவிட்டது.

"நம்ம மைசூர் எங்கே டீச்சர்?" என்றாள் ஸரஸா. வகுப்பில் முதல் மாணவி. அப்பாவின் பழைய வேஷ்டியைக் கிழித்து அபிஸீனியாவுக்குப் போர்வை தைத்தவள்.

"ஹிந்துஸ்தானத்துக்குள்ளே இருக்கு."

"அதுவே ஓரத்துல தொத்திண்டிருக்கு. அதுக்குள்ள நாம வேறயா?"

பெண்கள் சிரித்தார்கள். பத்மாஸினியும் சிரித்துவிட்டாள்.

நவராத்திரி நடுவில், அக்டோபர் நான்காம் தேதிப் பத்திரிகையில் செய்தி வந்தது. இத்தாலி அபிஸீனியாவுக்குள் நுழைந்துவிட்டது. விமானங்கள் ஊர்கள் மேல் குண்டு போட்டன. அன்று பள்ளியில் கொலு வைத்திருந்த கூடத்தில் கூட்டம் தாங்கவில்லை. மேல்படியைக் காட்டிக்காட்டிப் பேசினார்கள். சங்கம் கூடும், தடுக்கும் என்று பத்மாஸினி எல்லோருக்கும் சொன்னாள்.

மறுநாள் காலையில் கமலம்மாள் வந்தார். பெங்களூரில் பட்டாளம் இருக்கும் தண்டுப்பக்கத்து மனுஷி, சுற்றிவளைத்துப் பேசமாட்டார்.

"சாயங்காலம் அரண்மனை தசரா விருந்தாளிங்க நம்ம கொலுவப் பாக்க வராங்க பத்மாஸினி. அதுல ஒரு இத்தாலிக்கார அம்மாவும் இருக்காங்களாம். அந்தக் கறுப்புப் பொம்மைய எடுத்துடு."

"அடிச்சது இத்தாலிதானே அம்மா? எடுக்கறதானா அதை எடுக்கணும்."

"விருந்தாளியோட தேசத்துப் பொம்மைய எடுத்தா அவங்க மூஞ்சில அடிச்ச மாதிரி ஆவாதா?"

"ரெண்டையுமே எடுத்துடறேன்."

"ஒண்ணு போதும்."

பத்மாஸினிக்குக் கையில் இருந்தது சம்பிரதாயம் ஒன்றுதான். அதை நீட்டினாள். "வெச்ச பொம்மைய விஜயதசமி வரைக்கும் அசைக்கப்படாது. கொலுவுக்கு அதுதானே முறை?"

கமலம்மாள் குரலை உயர்த்தவில்லை. "கொலுன்னா நீ தொட்டிருக்கவே கூடாதே. பாடம்னுதான விட்டேன்? பாடத்த மாத்தலாம். உன் பேர் போட்ட கடுதாசி என் மேஜைல இருக்கு. அடுத்த வாரம் அனுப்பணும்."

அவர் போனபின் பத்மாஸினி முக்காலி போட்டு ஏறினாள். அபிஸீனியாவை எடுத்துச் சாக்கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். காலியிடம் தெரியாதபடி மற்ற பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். நகர்த்திய பிறகு படி முன்னைவிட ஒழுங்காகக்கூட இருந்தது.

விருந்தாளிகள் மூன்று நிமிஷம் நின்றார்கள். இத்தாலிக்கார அம்மாள் படிகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. சந்தனமர யானை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஸரஸா மட்டும் எண்ணிப் பார்த்தாள். "டீச்சர், அடிச்சவன் மேல்படில உக்காந்திருக்கான். அடிபட்டவ எங்கே?"

"சங்கம் யோசனை பண்ணிண்டிருக்கு. நீ ஆத்துக்குப் போ."

சங்கம் உண்மையிலேயே யோசித்தது. இத்தாலியோடு வியாபாரம் கூடாது என்றது. லாரியும் விமானமும் ஓட வேண்டிய எண்ணெயை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஜனவரியில் பத்மாஸினியின் இடம் நிரந்தரமாயிற்று. பின்கட்டுப் பயம் போயிற்று. அபிஸீனியாவில் விஷப்புகை தெளித்ததாகப் பத்திரிகையில் படித்த நாளிலும் அவள் வகுப்புக்கு நேரத்தில் போனாள்.

வருஷப் பரீட்சைக்கு வினாத்தாள் தயாரித்தவளும் அவளே. பாடத்திட்டத்தில் இருந்ததால் "சர்வதேச சங்கம் உலக சமாதானத்துக்கு ஆற்றும் பணிகளை விவரி" என்று பத்து மார்க்குக்கு ஒரு கேள்வி. முப்பத்தொரு பெண்கள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள், அவள் சொல்லிக்கொடுத்த வாக்கியங்களையே. ஸரஸா கேள்வியின் எண்ணை மட்டும் எழுதி, அதன் கீழே ஒரு முழுப் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.

பத்மாஸினி அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பின்புறமும் பார்த்தாள். பிறகு சிவப்பு மசியில் பூஜ்யம் போட்டாள். அந்த வருஷம் வகுப்பில் முதலாவதாக வேறொரு பெண் வந்தாள்.