ஸ்ரீரங்கம் பஸ் லேட்டு

எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் பலகை படிக்கவும்தான் தெரியும். ஆனால் என் வீட்டுக்காரர் திருச்சியில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். அங்கே பழைய மாணவர்கள் வருஷா வருஷம் தங்கள் வகுப்பறையில் கூடி, அந்தக் காலம் போலவே பெயர் கூப்பிட்டு அட்டென்டன்ஸ் எடுப்பார்கள். அவர் ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை.

அவர் காலமான பிறகும் அழைப்பு வந்தது.

"நீ அங்க போய் என்னம்மா பண்ணப் போற?" என்றான் மகன்.

அவர் பெயரை நான் என் வாயால் சொன்னதே இல்லை. மற்றவர்கள் கூப்பிட்டுத்தான் கேட்டிருக்கிறேன். இனிமேல் அந்தப் பெயரைக் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்ற பயத்தோடுதான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன்.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். அவர் பெயரும் வந்தது. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து அவருடைய சிநேகிதர் டேவிட் எழுந்து கத்தினார்.

"வந்துக்கிட்டே இருக்கான் சார்! ஸ்ரீரங்கம் பஸ் லேட்டு!"

படிக்கிற காலத்தில் அவருக்காக டேவிட் தினமும் சொன்ன சாக்காம் அது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

டேவிட் பதறிக்கொண்டு என்னிடம் வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க தங்கச்சி."

"பஸ்ஸை ஏண்ணே குத்தம் சொல்றீங்க? அவரு தாலி கட்டவே லேட்டாத்தான் வந்தாரு" என்றேன்.

ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பும்போது காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றுவிட்டது. எல்லோரும் முணுமுணுத்தார்கள். எனக்கு ஒரு அவசரமும் இல்லை. அடுத்த வருஷமும் அவர் பெயரைக் கூப்பிடுவார்கள். நான் போய் உட்கார்ந்து கேட்டால் போதும்.