விரல் சொன்ன பொய்

பக்கத்து அறையில் டொக், டொக் என்று சீராகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று மாறியது. தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த தங்கையின் கை அப்படியே நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அந்த மாற்றம் தெரியவில்லை. கணவனோடு சேர்ந்து ஒன்பது வருடமாகப் பலகைகளின் மேல் மெல்லிய மர ஏடான வெனீரை ஒட்டிவரும் இவளுக்குத் தெரியும். அவன் தட்டிப் பார்க்கும் கதவில் அந்த இடத்தில் பசை பிடிக்கவில்லை. உள்ளே காற்று நிற்கிறது.

அக்கா இந்த வாசலை மிதிப்பது இதுதான் முதல் தடவை. பசை தடவுகிறவனுக்குக் கழுத்தை நீட்டினால் என் முகத்திலேயே விழிக்காதே என்று அன்றைக்குச் சொன்னவள், இன்று புது வீட்டு அலமாரிக்குக் கதவு வாங்க வீம்பை விட்டு வந்திருக்கிறாள். வியாழக்கிழமை குடிபோகிறாள். கதவு மட்டும் அவள் மனதுக்குப் பிடித்துவிட்டால், தன் புருஷனையும் ஒரு மனிதனாக மதிப்பாள் என்று தங்கை வாரம் முழுக்கத் தவம் கிடந்தாள்.

ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். கதவின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெனீர் உப்பியிருந்தது. சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்து அடக்கிவிடலாமே என்று கணவனிடம் கிசுகிசுப்பாகக் கெஞ்சினாள்.

"இன்னைக்கு அடங்கும். வெயில் ஏறினா எழுந்து நிக்கும், உங்க அக்கா வீட்டுக் கூடத்துல, நம்ம மானத்தையும் தூக்கிக்கிட்டு."

அவள் மேலே பேசுவதற்குள் அவன் வெளியே போய்விட்டான். அவசரத்தில் தன் கை தவறிவிட்டது, வேறு கதவு செய்து தருகிறேன், ஆனால் வியாழனுக்குள் முடியாது என்று அக்காவிடம் ஒப்புக்கொண்டான்.

அக்கா அவனைப் பார்க்கவில்லை. தங்கையைத்தான் பார்த்தாள். "அவசரப்பட்டு ஒட்டினது எதுடி நிலைச்சிருக்கு? நான் அன்னைக்கே சொன்னேன்."

அவன் தலை குனிந்து நின்றான். தங்கை தன் விரலைப் பார்த்தாள்.

பலகையிலும் வெனீரிலும் தடவிய பசை, விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகே இரண்டையும் சேர்க்க வேண்டும். தொட்டுப் பார்த்துச் சொல்வது எப்போதும் அவள் வேலை. காலையில், அக்கா வரும் நேரமாகிவிட்டதே என்ற பதற்றத்தில், உப்புத்தாள் தேய்த்த கையைத் துடைக்காமலே தொட்டாள். விரலில் அப்பியிருந்த மரத்தூள் பசையை ஒட்டவிடவில்லை. காய்ந்துவிட்டது என்றாள். அவள் விரலை நம்பியே பழகிப்போனவன், மறுபேச்சில்லாமல் ஒட்டினான்.

"அவர் தப்பில்லக்கா. காஞ்சிடுச்சுன்னு சொன்னது நான்தான், தூசிக் கையால தொட்டுட்டு. உன் முன்னால என்னைக் காட்டிக்கொடுக்க மனசு வரல அவருக்கு." கண்ணீர் கன்னத்தில் இறங்கியதை அவள் துடைக்கவும் இல்லை.

அக்கா எழுந்து உள்ளே போனாள். தானே கதவைத் தட்டிக்கொண்டே வந்தாள். பொத்தென்று கேட்ட இடத்தில் விரல் நின்றது. முதல் முறையாக அவனிடம் நேராகப் பேசினாள்.

"சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"எங்களுக்குத் தெரியுமே, அண்ணி."

அக்கா கதவிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, அலமாரி பத்து நாள் திறந்து கிடந்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது என்று முணுமுணுத்தபடி செருப்பை மாட்டிக்கொண்டாள். புதுக் கதவைத் தானே வண்டியில் ஏற்றி அனுப்புவதாக அவன் சொன்னதற்குத் தலையாட்டி மறுத்தாள்.

"நானே வரேன். தட்டிப் பார்த்துத்தான் எடுப்பேன்."

அக்கா தெருமுனை திரும்பும்வரை தங்கை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வாசற்கதவைச் சாத்தினாள்.