சீனி போடாத கசாயம்

சர்க்கரை நோய்க்கு நல்லதென்று இன்று காலை மருமகள் நீட்டிய ஆவாரம்பூக் கசாயத்தின் வாடையே எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பிவிட்டது. அறுபதுகளில், விளாத்திகுளம் கரிசலில் நான் மடி நிறையப் பறித்துவரும் மஞ்சள் பூ, மண்சட்டியில் அது களகளவென்று கொதிக்கும் சத்தம், துவர்ப்புத் தெரியாமலிருக்க அம்மா தட்டிப்போடும் கருப்பட்டி, ஊதி ஊதிக் குடிக்கும் அப்பா என்று தினமும் மூன்று வேளை நடந்த கூத்து அது. அம்மா தயங்கினால், "ஏட்டி, டாக்டர் சீனியத்தான வேண்டாம்னாரு? இது கருப்பட்டில்லா!" என்று அப்பா அதட்டுவார். காய்ந்த பருத்திக்கட்டை குத்திய கால்புண் ஆறாமலே அவர் செத்துப்போனார். அந்தப் பூவைப் பறித்த கையாலேயே டம்ளரைத் தள்ளிவிட்டேன்.

மருமகள் சமாதானமாகச் சொன்னாள்: "பயப்படாம குடிங்க அத்தை. சீனியே போடல, கருப்பட்டிதான்."