சம்பந்தியம்மாவுக்குச் சிவப்புக் கோஸ்

என் சமையல் அறிவு முட்டை அவிப்பதோடு முடிந்துவிடும். அதிலும் இரண்டில் ஒன்று வெடிக்கும். அப்படிப்பட்டவன் ஜெர்மன் சமையலில் இறங்கியதற்குக் காரணம் என் மகள்.

அவள் கட்டிக்கொள்ளப் போகிற பையன் ஜெர்மன்காரன். நிச்சயதார்த்தத்துக்காக அவன் அம்மா வந்து, மலாக்காவில் ஹோட்டலில் தங்கியிருந்தார். மூன்று நாளாக வெறும் ரொட்டி, வாழைப்பழம். காரம் என்றால் அவர் வயிறு ஒத்துக்கொள்வதில்லை.

“ப்பா, டிக்கெட்ட மாத்தி ஞாயித்துக்கெழமையே கெளம்பிடலாமான்னு அத்தை கேக்குறாங்களாம். நிச்சயத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. நம்ம வீட்டுலயாவது ஒரு வேளை வயிறார சாப்புடணும்ப்பா” என்றாள் மகள்.

நிறையப் படிக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் படித்தே செய்துவிடலாம் என்று நினைப்பான். படித்தேன். அவர்கள் ஊரில் சிவப்பு முட்டைகோஸை ஆப்பிள், வினிகர், சீனி, கிராம்பு சேர்த்து, மூடி போட்டு, சின்னத் தீயில் ஒரு மணி நேரம் வேகவிட்டுத் தொட்டுக்கொள்வார்களாம். “வெள்ளிக்கிழமை கூப்பிடு, நான் செய்கிறேன்” என்று அறிவித்தேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சைவம். ‘வாத்துக் கொழுப்பு இரண்டு கரண்டி’ என்று செய்முறையைச் சத்தமாக வாசித்தேன். மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நெய் என்று திருத்திக்கொண்டேன்.

“கோஸ ஒரு மணி நேரமா வேகவைப்பாங்க? அது என்ன ஆட்டுக்காலா?”

“அவங்க ஊர் முறை அப்படி.”

“என்னமோ பண்ணுங்க. சாமிக்குப் படைக்கிறதுக்கு முன்னால வாயில வச்சுப் பாத்துடாதீங்க.”

வினை அங்கேதான் தொடங்கியது. அவள் ருசி பார்க்காமலேயே இருபத்தைந்து வருடமாக உப்புப் போடுகிறாள்; ஒருநாளும் பிசகியதில்லை. என் செய்முறையோ இரண்டு வரிக்கு ஒருமுறை ‘ருசி பார்த்துச் சரிசெய்க’ என்றது. நாக்குக்குத் தடை என்பதால் கண்ணை நம்பினேன். எங்கள் பைப் தண்ணீரில் கோஸ் வேக வேக, பள்ளிக்கூடச் சீருடை மாதிரி நீலமாகிக்கொண்டே வந்தது. வினிகர் விட்டால் சிவக்கும் என்று படித்திருந்தேன். விட்டேன். ஊதா. இன்னும் விட்டேன். குங்குமத்தை எட்டிப் பிடிக்கிற ஒரு சிவப்பு வந்தபோது பாட்டிலில் பாதி காலி. நிறம் மட்டும் அற்புதம்.

முதலில் சாப்பிட்டவர் முருகன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில் பரிமாறினேன்.

கோஸைக் கண்டதும் சம்பந்தியம்மாவின் முகம் மலர்ந்தது. ஒரு வாய் வைத்தார். இடது கண் தானாக மூடிக்கொண்டது. மகள் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அவர் எழுந்தார். ஞாயிறு வரைக்கும்கூடத் தாங்காது என்று நினைத்தேன். ஆனால் கோஸ் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நேராக அடுப்படிக்குள் போனார். என் சொந்தத் தங்கைக்கே அனுமதி இல்லாத அடுப்படி அது. கலவரம் பார்க்கப் பின்னாலேயே ஓடினேன்.

கலவரம் இல்லை. அவர் கிண்ணத்துப் புளிப்புத் தண்ணீரை வடித்து, நல்ல தண்ணீர் விட்டுக் கோஸை மறுபடி அடுப்பில் ஏற்றினார். ஆப்பிளைக் காட்டினார், மனைவி நறுக்கினாள். விரல்களைத் தேய்த்துச் சீனி கேட்டார். மனைவி சீனி டப்பாவை ஒதுக்கிவிட்டு, எங்கள் ஊர்த் தென்னை வெல்லமான கூலா மலாக்கா கட்டியைச் சுரண்டிப் போட்டாள். கொதி வந்ததும் கரண்டியிலிருந்து ஒரு சொட்டை அவர் உள்ளங்கையில் விட்டாள். அதை என்ன செய்வது என்று அவர் விழிக்க, தன் கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிக் காட்டினாள். அவரும் நக்கினார். இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். அங்கே எனக்கு வேலை இல்லை என்று புரிந்தது.

சம்பந்தியம்மா சாப்பிட்டது இரண்டு தட்டுச் சோறு, கோஸோடு. நெய் ஊற்றிய பருப்பும் கொஞ்சம். கை கழுவிவிட்டு மகளிடம் ஏதோ சொன்னார். அவள் சிரித்துவிட்டாள்.

“அடுத்த வெள்ளிக்கெழமையும் கோஸ் வாங்கி வைக்கணுமாம்ப்பா. அவங்களே செய்வாங்களாம்.”

“அப்ப ஞாயித்துக்கெழமை டிக்கெட்?”

“நீங்க ஞாபகப்படுத்தாதீங்க லா!”

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது: “கோஸ் வாங்கிக் குடுத்துட்டு நீங்க ஹால்லயே உக்காந்திருங்க.”