செருப்பை வாங்கிக்கொண்டு தார்ப்பாய் கொடுத்த கதை

போன வாரம் என் கடைக்கு ஓர் அம்மாள் வந்தார். சுவர் ரேக்கை மேலும் கீழும் பார்த்தார். மேல் தட்டில் இருக்கும் பச்சை வார் செருப்பு எட்டாம் நம்பரில் கிடைக்குமா என்று கேட்டார்.

நான் செருப்புக் கடை நடத்தவில்லை. திருத்தணி மலைப் படிக்கட்டின் அடிவாரத்தில், மலையேறும் குடும்பங்களுக்கு வேண்டிய சாமான்களை வாடகைக்கு விடுகிறேன். அப்படியானால் ரேக்கில் முப்பத்தேழு ஜோடி செருப்பு எப்படி வந்தது? சென்ற ஆடிக் கிருத்திகைக் கதை அது. தப்பு முழுக்க என்னுடையது.

மெக்கானிகல் டிப்ளமோ முடித்து ஊருக்குத் திரும்பியபோது என் பெட்டியில் ஒரு சான்றிதழும் ஒரு பட்டியலும் இருந்தன. சான்றிதழை யாரும் கேட்கவில்லை. பட்டியலை நான்தான் தினம் எடுத்துப் படித்தேன். கிருத்திகைக்கு வரும் குடும்பங்கள் மலைச் சரிவிலேயே இரண்டு நாள் தங்குகின்றன. வெயில் காய்கிறது, திடீரென்று மழை கொட்டுகிறது. ஆனால் தோளில் காவடி, இடுப்பில் குழந்தை என்று வருகிறவர்கள் வேறு எதைத் தூக்கி வர முடியும்?

ஆக... தார்ப்பாய், ஜமக்காளம், திரி ஸ்டவ், அரிக்கேன் விளக்கு, குடை, பிளாஸ்க், ஏறுவதற்கு மூங்கில் கம்பு — மொத்தம் பதினெட்டு அயிட்டம். பாத்திரம் மட்டும் கிடையாது. முன்பின் தெரியாதவர் சமைத்த பாத்திரத்தில் சாமிக்குப் பொங்கல் வைக்க எந்தப் பெண்ணும் சம்மதிக்க மாட்டாள் என்பது எனக்கே தெரியும்.

இடம் கொடுத்தவர் பாவா. அதாவது, அக்காவின் கணவர். ஒற்றை லாரிக்காரர். அந்த லாரி மாதத்தில் பாதி நாள் ஓடும், மீதி நாள் ஷெட்டில் படுத்திருக்கும். ஷெட்டின் முன்பக்கத்தை ஒரே ஒரு கிருத்திகைக்கு எனக்கு விட்டார். கூடவே ஒரு கண்டிஷன்.

"எல்லா சாமானும் திரும்பி வந்துச்சின்னா ஷெட்டு உனுக்குதாம்மா. ஒண்ணு கொறஞ்சாலும் மெட்ராஸ்ல சொல்லி வச்சிருக்கறன் பாரு, அந்த டிராயிங் ஆபீசு... மறு பேச்சு பேசாம ரயிலேறிடணும்."

டிராயிங் ஆபீஸ் எனக்குப் புதிதல்ல. பயிற்சிக்காக ஆறு மாதம் போயிருக்கிறேன். வேறு யாரோ போட்ட கோட்டின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து அதே கோட்டை மறுபடி போடும் வேலை. கண்டிஷனுக்கு ஒப்புக்கொண்டேன்.

கொடுத்த சாமான் திரும்பி வர என்ன உத்தரவாதம்? பணம் கட்டச் சொன்னால் பாதிப் பேர் அப்படியே நகர்ந்துவிடுவார்கள். யோசித்தேன். எல்லோரும் வெறுங்காலோடுதான் மலையேறுகிறார்கள். செருப்பை எங்காவது விட்டுத்தான் ஆக வேண்டும். திரும்பும்போது தார் ரோடு சுடும். செருப்பில்லாமல் எப்படி ஊர் போய்ச் சேருவார்கள்? சரி, செருப்புதான் டெபாசிட்.

ரேக்கை நானே வரைந்து ஆசாரியிடம் கொடுத்துச் செய்து வாங்கினேன். எண் அடித்த தகர டோக்கன்கள். ரிஜிஸ்தரில் வரிசையாகக் கட்டங்கள் — டோக்கன் எண், சாமான், கொடுத்த நேரம், செருப்பின் நிறம், அளவு, வாரின் நிலை. பாவா அதைப் புரட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு "ஆங்... நடக்கட்டும்" என்று போய்விட்டார்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

கிருத்திகையன்று நண்பகலுக்குள் தார்ப்பாய் அத்தனையும் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு நெசவுக் குடும்பம் வந்தது. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளை பசியில் அழுதது. அந்தப் பெண் என் ஸ்டவ்வில் பால் காய்ச்சிக்கொள்ளக் கேட்டாள். தன் எவர்சில்வர் தூக்கைத் திறந்து, பாலைக் காய்ச்சி, பிள்ளைக்குப் புகட்டினாள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஷெட்டில் மடித்து வைத்திருந்த லாரித் தார்ப்பாயை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

என் பட்டியலிலேயே இல்லாத சாமான் அது. இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் பாவாவுக்கு வேர்க்கடலை லோடு. ஆனால் மறுநாள் மாலைக்குள் வந்துவிடும் அல்லவா? டோக்கன் எண் ஒன்பது. ஐந்து ஜோடி செருப்பு வாங்கி வைத்திருக்கிறேனே.

மறுநாள் மாலை சாமான்கள் திரும்பி வரத் தொடங்கின. முதலில் ஸ்டவ்வைக் கொண்டுவந்த அம்மாளின் முன்னால் அவருடைய செருப்பை எடுத்து வைத்தேன். சிரித்துக்கொண்டே தள்ளி நின்றார்.

"இருக்கட்டும்மா. கோயிலாண்ட உட்ட செருப்ப யாருனா திரும்பி எடுப்பாங்களா? பீடை அதோட போவட்டும்."

கோயிலில் செருப்பு தொலைந்தால் பிடித்த பீடை விட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள் நாம். அதற்கென்றே பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. சின்ன வயதிலிருந்து எனக்கும் தெரிந்த விஷயம்தான். பட்டியல் போடும்போது மட்டும் ஞாபகம் வரவில்லை. ஜனங்கள் தலையைச் சுற்றி எறிய நினைக்கும் பொருளைப் பார்த்து, பத்திரமாக எண் போட்டு, அடகு பிடித்திருக்கிறேன்!

ஒன்பதாம் டோக்கன் செருப்புகளைப் போய்ப் பார்த்தேன். கணவனுடையதில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. ரிஜிஸ்தரில் என் கையெழுத்திலேயே இருக்கிறது — 'வார்: ஊக்கு'. வீட்டுக்குத் திரும்பிப் போவதற்காக வந்த செருப்பே இல்லை அது.

சரி, ஆள் யார்? எந்த ஊர்? ரிஜிஸ்தரில் செருப்பின் அளவு இருந்தது. பெயருக்கும் ஊருக்கும் நான் கட்டமே போடவில்லை.

மழையில் நனைந்துகொண்டே சரிவு முழுக்கத் தேடினேன். மொட்டை அடிக்கிற இடத்தில் விசாரித்தேன். எல்லாச் சாமானும் வந்துவிட்டது, ஒன்பதாம் டோக்கன் மட்டும் வரவில்லை. பாவாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. விடியற்காலை லோடு இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அக்கா என் டிரங்குப் பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தாள்.

காலையில் லாரி புறப்படத் தயாராக நின்றது. வானம் மூடிக் கிடந்தது. பாவா வெறும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். நான் ஆறிப்போன காபியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஆர்.கே.பேட்டை பஸ் வந்து நின்றது. அந்தப் பெண் இறங்கி விறுவிறுவென்று வந்தாள். பின்னால் தலையில் தார்ப்பாயோடு, வெறுங்காலோடு, அவள் வீட்டுக்காரர்.

"எம் மூடி எங்கம்மா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"தூக்கு மூடிம்மா. அன்னிக்கி பால் காய்ச்சசொல்லோ இங்கதான் வச்சேன். ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல."

என் காபி டம்ளரைப் பார்த்தேன். இரண்டு நாளாக அந்த மூடியைத்தான் அதன்மேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன். எடுத்துத் திருப்பினேன். புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. அவள் பெயர், இனிஷியல், ஊர். மலை முழுக்க நான் தேடிய விலாசம்!

வீட்டுக்காரர் தார்ப்பாயை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். "செவ்வாக்கெழம இந்தப் பக்கம் வரசொல்லோ குடுத்துக்கலாம்னுதாம்மா சொன்னேன். நேத்து மழைல எங்க ஊரு டிராக்டர்ல மொத்த ஜனமும் இதுக்கு அடியிலதான் குந்திகினு போனோம். இவ எங்க கேட்டா?"

"எங்கம்மா வூட்டு சீர்ல வந்த தூக்கு" என்றாள் அவள். "மூடி இல்லாம கொண்டும்போயி மாமியார் முன்னால வைக்க முடியுமா? செவ்வாக்கெழம வரலாமாம், செவ்வாக்கெழம."

ஐந்து ஜோடி செருப்பையும் எடுத்து வைத்தேன். தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்காரர் கொஞ்சம் தயங்கினார்.

"அத்தத் தொட்டீன்னா நீயும் இங்கியே இருந்துக்கோ" என்றாள் மனைவி. அவர் தொடவில்லை.

பாவா தார்ப்பாயை லாரியில் எறிந்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். "அந்த டிராயிங் ஆபீசுக்கு வரலன்னு ஒரு கடுதாசி போட்டுடும்மா" என்றார்.

செருப்பு விஷயம் அவருக்கு முன்பே தெரியும்தானே என்று கேட்டேன்.

"தெரியாம இன்னா? நீ கட்டம் கட்டமா எழுதிகினு இருந்த. படிச்ச பொண்ணு, நடுவுல நாம எதுக்குன்னு உட்டுட்டேன்" என்றார். லாரி கிளம்பிவிட்டது.

அடுத்த மாதக் கிருத்திகையிலிருந்து என் கடையில் டெபாசிட் — எவர்சில்வர் மூடி. தூக்கு மூடி, சம்படத்து மூடி, எதுவானாலும் சரி, பெயர் வெட்டியிருக்க வேண்டும். ரிஜிஸ்தரை மூடி வைத்துவிட்டேன். பெயரும் ஊரும் மூடியிலேயே இருக்கின்றன. இதுவரை ஒரு குடை கூடக் காணாமல் போனதில்லை. சில பெண்கள் மலையில் பாதி ஏறிவிட்டு, மூடி பத்திரமாக இருக்கிறதா என்று இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

எது இல்லாமல் ஒருவரால் நடக்க முடியாது என்று கணக்குப் போட்டேன். எது இல்லாமல் வீட்டுக்குள் நுழைய முடியாது என்றல்லவா யோசித்திருக்க வேண்டும்? இதை எந்த டிப்ளமோவில் சொல்லித் தருகிறார்கள்?

பச்சை வார் கேட்ட அம்மாளிடம் உண்மையைச் சொன்னேன். கையில் எடுத்திருந்த செருப்பை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

நேற்று ரேக்கை எண்ணினேன். முப்பத்தெட்டு ஜோடி. புதிதாகச் சேர்ந்ததில் கிரீஸ் அப்பியிருக்கிறது... பாவா இரண்டு நாளாக வெறுங்காலோடு லாரி ஓட்டுகிறார்.